ஷஃபிள் தாளம்

ஷஃபிள் என்பது மேற்கத்திய வெகுசன இசையில் பரவலாகப் பயன்படும் ஒரு தாள நடை ஆகும். ஒவ்வோர் அடியும் மூன்று சமக் கூறுகளாகப் பகுக்கப்பட்டு, முதற்கூறும் மூன்றாம் கூறும் ஒலிக்க, நடுக்கூறு ஒலியின்றி விடப்படுவது இதன் அடிப்படை இயல்பாகும். காலைத் தரையில் இழுத்து நடப்பதைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லே இதற்குப் பெயராயிற்று. புளூஸ், ஜாஸ், ரிதம் அண்ட் புளூஸ், ராக் ஆகிய இசைவகைகளில் இது காணப்படுகின்றது.

அமைப்பு

நேர் நடையில் ஓர் அடி இரண்டு சம பாதிகளாகப் பிரியும். ஷஃபிளில் அவ்விரு ஒலிகளின் நீளம் 2:1 என்ற விகிதத்தில் அமையும். நிமிடத்திற்கு 120 அடிகள் கொண்ட வேகத்தில், அரை வினாடி நீளும் ஓர் அடியில் முதல் ஒலி ஏறத்தாழ 0.33 வினாடியும் அடுத்தது 0.17 வினாடியும் நீடிக்கும். அடியை மூன்றாகப் பகுக்கும் வகையில் இது கருநாடக இசையின் திசுர நடையை ஒத்தது. எனினும் நடுக்கூறை வெறுமையாக விடும் ஒழுங்கே ஷஃபிளைத் தனித்துக் காட்டுகின்றது.

இவ்விகிதம் மாறாதது அன்று. வாசிப்பவரையும் வேகத்தையும் பொறுத்து அது சற்றுக் கூடவோ குறையவோ செய்யும். இசைக்குறியீட்டில் பெரும்பாலும் நேர் நடையாக எழுதி, தொடக்கத்தில் ஒரு குறிப்பு மட்டும் இடப்படுகின்றது. ஆகவே தாளில் உள்ளதைக் கொண்டு மட்டும் இந்நடையை முழுமையாக அறிய இயலாது.

வரலாறு

ஐக்கிய அமெரிக்காவில் 1940களில் லூயி ஜோர்டான் போன்றோரின் நடன இசைப் பாடல்கள் வழியாக ஷஃபிள் பெரும் புகழ் பெற்றது. 1950களில் சிக்காகோ நகரின் புளூஸ் இசைப்பதிவுகளில் பிரெட் பிலோ என்னும் டிரம் கலைஞர் இதனைச் செம்மையாகக் கையாண்டார். அதே காலத்தில் நியூ ஓர்லியன்சைச் சேர்ந்த ஏர்ல் பால்மர், லிட்டில் ரிச்சர்டின் பியானோ வாசிப்புக்கு இசைய ஷஃபிளை விட்டு நேர் நடைக்கு மாறினார். பின்னாளைய ராக் இசையில் நேர் நடை ஓங்கியதற்கு இத்தகைய மாற்றங்கள் வழிவகுத்தன.

1980இல் ரோஜர் லின் வடிவமைத்த எல்எம்-1 என்னும் தாளப்பொறி, ஷஃபிளைத் தானாக உண்டாக்கும் வசதியைக் கொண்டிருந்தது. இத்தகைய கருவிகளில் நடையின் அளவு விழுக்காட்டில் குறிக்கப்படுகின்றது. 50 என்பது நேர் நடையையும், ஏறத்தாழ 66 என்பது முழு ஷஃபிளையும் தரும்.

அரைநேர ஷஃபிள்

வழமையான ஷஃபிளில் ஸ்நேர் டிரம் இரண்டாம், நான்காம் அடிகளில் ஒலிக்கும். அரைநேர ஷஃபிளில் அது மூன்றாம் அடியில் மட்டும் வலுவாக ஒலிப்பதால், வேகம் பாதியாகக் குறைந்தது போன்ற உணர்வு ஏற்படும். வெறுமையாக விடப்படும் நடுக்கூறில் ஸ்நேர் டிரம் மிக மெல்லத் தட்டப்படும். செவிக்குத் தெளிவாகப் புலப்படாத இவ்வொலிகள் கோஸ்ட் நோட் எனப்படுகின்றன.

பெர்னார்ட் பேர்டி (பிறப்பு: 1939) இதனைச் செம்மைப்படுத்தியவராகக் கருதப்படுகின்றார். எனவே இது பேர்டி ஷஃபிள் எனவும் அழைக்கப்படுகின்றது. ஸ்டீலி டான் குழுவின் 'ஹோம் அட் லாஸ்ட்' (1977), 'பாபிலோன் சிஸ்டர்ஸ்' (1980) ஆகியவை அவர் வாசித்தவை. லெட் செப்பலின் குழுவின் ஜான் போனம் (1948–1980) 'ஃபூல் இன் த ரெயின்' (1979) பாடலில் இதன் ஒரு வடிவத்தைக் கையாண்டார். டோட்டோ குழுவின் ஜெஃப் போர்க்காரோ (1954–1992), இவ்விருவரின் வாசிப்புடன் போ டிட்லியின் தாளத்தையும் இணைத்தே 'ரொசானா' (1982) பாடலின் தாளத்தை அமைத்ததாக விளக்கியுள்ளார். அப்பாடல் 1983இல் ஆண்டின் சிறந்த இசைப்பதிவுக்கான கிராமி விருதைப் பெற்றது.

உரிமை

வெகுசன இசையில் ஆக்கியோர் உரிமை பொதுவாகப் பாடல் வரிகளுக்கும் மெட்டுக்கும் உரியதாகவே கொள்ளப்படுகின்றது. டிரம் தாளம் அதில் சேர்வது அரிது. மேற்கூறிய பாடல்களில் 'ரொசானா' டேவிட் பெய்ச்சின் பெயரிலும், 'ஃபூல் இன் த ரெயின்' ஜோன்ஸ், பேஜ், பிளாண்ட் ஆகியோர் பெயரிலும், ஸ்டீலி டான் பாடல்கள் பெக்கர், ஃபேகன் பெயரிலும் அமைந்துள்ளன. அவற்றை அடையாளப்படுத்தும் தாளத்தை வாசித்த மூவரும் பாடலாசிரியராகக் குறிக்கப்படவில்லை. அதேவேளை, எவருக்கும் தனியுரிமை இல்லாததனாலேயே இத்தாளம் ஒருவரிடமிருந்து மற்றவருக்குத் தடையின்றிக் கைமாறி வளர முடிந்தது. பேர்டி ஷஃபிள் என்ற பெயர், சட்டம் தராத அங்கீகாரத்தை டிரம் கலைஞர்கள் தம்முள் வழங்கிக்கொண்டதற்குச் சான்றாக உள்ளது.