சோதர் மூன்று இடங்களில்: கர்த்தார்பூர்க் கூட்டு வழிபாடு பற்றி ஒரு மறுவாசிப்பு

கர்த்தார்பூரில் குரு நானக்கைச் சூழ்ந்த சங்கத் (வழிபாட்டுக் கூட்டம்) அன்றாடம் எவ்வாறு வழிபட்டது என்பதற்குச் சீக்கியக் கவிஞர் பாய் குர்தாஸின் முதல் வாரில் (நெடும்பாட்டில்) வரும் 38ஆம் பௌடி (செய்யுள்) முதன்மைச் சான்று. மாலையில் சோதரும் ஆரத்தியும் பாடப்பட்டன, விடியலுக்கு முன் ஜபு ஓதப்பட்டது என்கிறது அது. இதை நம்பலாகாது என்று ஓர் ஆய்வு மரபு வாதிடுகிறது. நானக் மறைந்தது 1539இல்; குர்தாஸ் பாடியது பல பத்தாண்டுகள் கழித்து. எனவே அவர் தம் காலத்து வழக்கத்தைப் பின்னோக்கி ஏற்றிவிட்டார். கர்த்தார்பூரில் ரபாப் என்னும் நரம்புக் கருவியை இசைத்தோர் பாட மற்றவர் கேட்டனர். எல்லோரும் சேர்ந்து பாடுவது பிற்கால அமைப்பின் விளைவு. இம்மரபின் முடிவு இதுதான்.

கால இடைவெளியை நானும் மறுக்கவில்லை. ஆனால் இந்த வாதம் சீக்கியரின் மறைநூலான ஆதி கிரந்தத்தின் அமைப்பைக் கணக்கில் கொள்ளவே இல்லை.

1604இல் குரு அர்ஜன் தொகுத்த நூல் ராக வரிசையில் செல்வது. அவ்வரிசை தொடங்குமுன், இன்றைய 1430 பக்கப் பதிப்பில் முதல் 13 பக்கங்களில், ஜபு, சோதர், சோ புருக், சோஹிலா ஆகியவை தனித்து நிற்கின்றன. இவற்றுள் ஜபு ஒன்றுக்கே ராகம் இல்லை. ஏனையவை ராகக் குறிப்போடு வருவன. அப்பாடல்களே தத்தம் ராகப் பகுதிகளில் மீண்டும் இடம்பெறுகின்றன. குர்தாஸ் கூறும் ஆரத்தி, தனாசிரி ராகத்து நானக் பாடல், சோஹிலாவுக்குள் இருக்கிறது. ஆக, ஓதுவதற்கு ஒன்று, பாடுவதற்குச் சில என்ற பௌடியின் பாகுபாடு நூலின் கட்டமைப்பிலேயே பதிந்துள்ளது. ஏற்கெனவே ஒரு கட்டாக வழங்கி வந்த பாடல்கள் என்பதாலேயே, இருமுறை எழுத நேர்ந்தாலும் தொகுப்பாளர் அக்கட்டைப் பிரிக்கவில்லை என்று கொள்வதே பொருத்தம்.

சோதர் இன்னும் ஒருபடி மேலே போகிறது. அது மும்முறை வருகிறது: ஜபுவின் 27ஆம் பௌடியாக, மாலை வழிபாட்டின் முதற்பாடலாக, ஆசா ராகத்தில். மூன்றும் ஒரே பாடல். ஆயினும் எழுத்துக்கு எழுத்து ஒன்றல்ல. ஜபுவில் இறைவனின் வாயில் எத்தகையது என்ற வினாவாகத் தொடங்குவது, பாடும் வடிவில் ‘உன் வாயில்’ என்று முன்னிலையாகிறது. உன்னைப் பாடுகின்றனர் என்ற விளி அடிதோறும் மிகுந்து ஒலிக்கிறது. இந்த மிகைச் சொற்கள் பொருளுக்குத் தேவைப்படுபவை அல்ல. தாளத்தை நிரப்பிப் பல குரல்களை ஓரிடத்தில் சேர்ப்பவை அவை. தனிப் பாடகரின் நிரவலிலும் இவை தோன்றலாம் என்பது உண்மை. ஆனால் பாடலின் உள்ளடக்கம் எதிர்த்திசையைக் காட்டுகிறது: காற்று, நீர், நெருப்பு, சித்திரகுப்தன், இந்திரன், சித்தர், பண்டிதர், வீரர், அறுபத்தெட்டுத் தீர்த்தங்கள் என அவ்வாயிலில் பாடாதார் எவருமில்லை. இப்படியொரு பாடலை மாலைதோறும் வாய்திறவாமல் கேட்டிருந்தது ஒரு கூட்டம் என்று கொள்வது எனக்கு இயலவில்லை.

ஆதி கிரந்தத்தை எழுதிய கையும் குர்தாஸுடையதே, ஆகவே இரண்டும் ஒரே சான்றுதான் என்பர். இதுவே வலுவான மறுப்பு. ஆனால் அது திரும்பி மறுப்பவரையே தாக்குகிறது. ஒழுங்கைப் புனைய நினைத்தவர் மூன்று பாடங்களையும் ஒன்றாக்கியிருப்பார். வேறுபாடுகள் திருத்தப்படாமல் நிற்பதால் ஓதும் வடிவமும் பாடும் வடிவமும் அவர் கைக்கு வருமுன்பே பிரிந்து நிலைத்திருந்தன எனலாம். நானக்கின் தோழரான இசைஞர் மர்தானாவின் ரபாப் சங்கத்தின் வாயை அடைத்தது என்ற வாதத்துக்கு விரிவான விடை வேண்டியதில்லை. பக்கவாத்தியம் இருப்பதாலேயே கூட்டம் ஊமையாகிவிடாது.

கேட்கும் கூட்டம் என்ற படிமம் கோயில் மரபிலிருந்து கடன் பெற்றது என்பது என் ஐயம். தஞ்சைப் பெரிய கோயிலில் திருப்பதியம் விண்ணப்பம் செய்ய இராசராசன் 48 பிடாரரையும் இரு கொட்டு வாசிப்போரையும் நியமித்து நாள்தோறும் நெல் அளந்தான். அங்கே பாடுதல் ஒரு பணி. கர்த்தார்பூரைப் பற்றிய பௌடியில் அத்தகைய நிவந்தமோ பணியாளரோ இல்லை. திருவாசக முற்றோதலில் கூடியோர் அனைவரும் வாய்விட்டுப் பாடக் கேட்டவர்க்குச் சங்கத் அந்நியமாகத் தோன்றாது. 1945இல் ஏற்கப்பட்ட சீக்கிய நடத்தை விதித்தொகுப்பான ரஹித் மர்யாதாவும் விடியலுக்கு ஜபுவையும் மாலைக்குச் சோதர் ரஹிராஸையும் இரவுக்குச் சோஹிலாவையும் விதிக்கிறது. இடையில் சேர்ந்தவை பல, தசம குருவின் சௌபாய் உட்பட. அடிப்படை அடுக்கு மாறவில்லை. சென்னை தியாகராய நகர் ஜி.என். செட்டி சாலைக் குருத்வாராவுக்குச் சென்று வரும் தமிழ் ஆய்வாளர் அர்தாஸ் என்னும் பொது வேண்டுதலில் ஒருவர் முன்மொழிய அனைவரும் ‘வாஹேகுரு’ என்று ஏற்றுச் சொல்வதை மட்டும் பதிவு செய்து திரும்பிவிடலாகாது; மாலையில் சோதரைக் கூட்டம் எவ்வாறு பாடுகிறது என்பதையும் கேட்க வேண்டும்.

சுவடிகளில் பாடபேதம் பார்த்துப் பழகிய நம் பதிப்பாசிரியர்கள் சோதரின் மூன்று பாடங்களையும் அருகருகே வைத்துத் தமிழில் வெளியிட வேண்டும். அதன்பின் பௌடி 38ஐ மறுப்பவர்கள் அந்த வேறுபாடுகளுக்கு முதலில் விளக்கம் தரட்டும்.