பால்மரம் இங்கே, டயர் தொழிற்சாலை அங்கே: கெடா சொல்லும் போர்ப் பாடம்



இரண்டாம் உலகப் போரில் ஜப்பான் ஏன் தோற்றது என்று கேட்டால், "அணுகுண்டு போட்டாங்க, சரணடைஞ்சாங்க" என்று மாணவர் பலர் ஒரே வரியில் முடித்துவிடுகிறார்கள். அது கடைசிப் பக்கம் மட்டுமே. முன் பக்கங்களைப் படிக்க வேண்டுமானால் நம் பாடாங் செராய் வட்டாரத்துப் பால்மரக் காடுகளிலிருந்தே தொடங்கலாம்.

முதலில் ஜித்ரா. 1941 டிசம்பர் 8-இல் ஜப்பானியர் கோத்தா பாருவில் இறங்கினர். சுங்கை பட்டாணி, பட்டர்வொர்த் விமானத் தளங்கள் உடனே குண்டுவீச்சுக்கு ஆளாகின. டிசம்பர் 11 முதல் 13 வரை நடந்த ஜித்ரா சண்டையில் ஜப்பானியர் டாங்கிகளோடு வந்தார்கள். பிரிட்டிஷ் தரப்பிடம் மலாயாவில் ஒரு டாங்கிகூட இல்லை. இந்தியச் சிப்பாய்கள் பலர் அதற்குமுன் டாங்கியைப் பார்த்ததே இல்லை. பிரிட்டனிடம் டாங்கியே இல்லையா? இருந்தது. ஆனால் அதே 1941-இல் நூற்றுக்கணக்கான டாங்கிகளையும் ஹரிக்கேன் விமானங்களையும் அது சோவியத் ரஷ்யாவுக்கு அனுப்பிக்கொண்டிருந்தது. நேச நாட்டுத் தளவாடம் எங்கே போகிறது என்ற முடிவு, கெடாவின் தலைவிதியையும் பாதித்தது.

அடுத்து ரப்பர். 1942 பிப்ரவரி 15-இல் சிங்கப்பூர் வீழ்ந்தது. அமெரிக்கா வாங்கிவந்த இயற்கை ரப்பரில் ஏறக்குறைய 90 விழுக்காடு கைவிட்டுப் போயிற்று. ஒரு ஷெர்மன் டாங்கிக்கே சுமார் அரை டன் ரப்பர் வேண்டும். லாரி, ஜீப், விமானம் எதுவும் டயர் இல்லாமல் நகராது. அப்படியென்றால் ஜப்பான்தானே ஜெயித்திருக்க வேண்டும்?

நடந்தது வேறு. போட்டி போட்டு வியாபாரம் செய்த குட்இயர், ஃபயர்ஸ்டோன் போன்ற நிறுவனங்களை அமெரிக்க அரசு ஒன்றாக உட்கார வைத்தது. பியூட்டடையீன், ஸ்டைரீன் என்ற இரண்டு பொருள்களைச் சேர்த்துச் செயற்கை ரப்பர் செய்தார்கள். பெட்ரோலியத்தோடு, தானியத்திலிருந்து எடுத்த ஆல்கஹாலும் இதற்கு மூலப்பொருளானது. 1941-இல் சில ஆயிரம் டன்னாக இருந்த உற்பத்தி, 1945-இல் ஏழு லட்சம் டன்னைத் தாண்டியது. கனரக டயர்களில் கலக்க இயற்கை ரப்பரும் தேவைப்பட்டது. அதற்கு இலங்கைத் தோட்டங்கள் கைகொடுத்தன. அமெரிக்க மக்களும் டயர் தேயாமலிருக்கப் பெட்ரோல் பங்கீட்டை ஏற்றுக்கொண்டார்கள். அந்த டயர்களில் ஓடிய நான்கு லட்சத்துக்கும் மேற்பட்ட லாரிகளும் ஜீப்புகளும் ரஷ்யாவுக்குப் போய்ச் சேர்ந்தன.

ஜப்பானிடம் பால்மரம் இருந்தது; பாலை ஏற்றிப்போகக் கப்பல் போதவில்லை. போரில் மூழ்கிய ஜப்பானிய வணிகக் கப்பல்களில் பாதிக்கு மேல் அமெரிக்க நீர்மூழ்கிகளுக்கு இரையானவை. ஏற்றுமதி இல்லாததால் தோட்டங்களில் பால் வெட்டு குறைந்தது, வேலை போயிற்று. பர்மா, சயாம் அரிசி வரத்தும் குறைய, மக்கள் மரவள்ளிக்கிழங்கைத் தின்று காலம் தள்ளினார்கள்.

இங்கேதான் நம் குடும்பங்களின் துயரம் தொடங்குகிறது. ரங்கூனுக்குப் போகும் கடல்வழி நேச நாட்டு நீர்மூழ்கிகளால் ஆபத்தானதும், பர்மாவிலிருந்த படைகளுக்குச் சரக்கு அனுப்ப ஜப்பானியர் தரைவழி தேடினார்கள். அதுதான் 415 கிலோமீட்டர் சயாம்–பர்மா மரண ரயில். 1943 அக்டோபரில் இரு முனைகளும் இணைந்தன. "நல்ல சம்பளம், சீக்கிரம் திரும்பிடலாம்" என்று ஆசை காட்டியும், பிறகு கட்டாயப்படுத்தியும், மலாயாத் தோட்டங்களிலிருந்து பல்லாயிரம் தமிழர்களைக் கொண்டுபோனார்கள். காலரா, மலேரியா, பட்டினியால் மாண்டவர்கள் ஏராளம். போர்க்கைதிகளில் 12,000-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். ஆசியத் தொழிலாளர் இழப்பு அதைவிடப் பல மடங்கு. கைதிகளுக்குப் பெயர்ப் பதிவும் கல்லறையும் உண்டு. நம்மவர்களில் பெரும்பாலோருக்கு இரண்டுமே இல்லை.

ஆகவே மாணவர்களே, உயர்நிலைச் சிந்தனைக் கேள்வி வந்தால் பதிலை இப்படிக் கோருங்கள்: மூலப்பொருள் → போக்குவரத்து → தொழிற்சாலை → போர்க்களம். இதில் ஒரு கண்ணி அறுந்தாலும் வளம் வெறும் வளமாகவே நின்றுவிடும். ஜப்பானுக்கு இரண்டாவது கண்ணி அறுந்தது. அமெரிக்கா முதல் கண்ணியை இழந்தும், தொழில்நுட்பத்தால் மாற்றுக் கண்ணி செய்துகொண்டது.

ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள். இச்சங்கிலியைக் கரும்பலகையில் வரையும்போது, ஒவ்வொரு கண்ணியிலும் வேலை செய்த மனிதர் யார் என்றும் கேளுங்கள். பிறகு, "உங்க வீட்டுல யாராவது சயாமுக்குப் போனாங்களா?" என்று விசாரித்து வரச் சொல்லுங்கள். பெயர், தோட்டம், திரும்பினாரா இல்லையா: இந்த மூன்றையும் ஒரு நோட்டில் பதிந்து வைத்தால் போதும். அதைச் சொல்லக்கூடிய முதியவர்கள் ஆண்டுக்கு ஆண்டு குறைந்துகொண்டே வருகிறார்கள்.