உள்வகுப்பின் கொன்ஸ்ட்ரக்டர் ரெஃபரன்ஸ்: சோதிக்க வேண்டியது பெயரையா, பிணைப்பையா?

ஜாவா 8-இன் லாம்டா வசதிகளுக்காக எழுதப்பட்ட ‘மெதட்ரெஃபரன்ஸ்டெஸ்ட்நியூஇன்னர்’ என்ற ஓப்பன்ஜேடிகே சோதனைக் கோப்பில் ஒரே சோதனை இரு வடிவங்களில் உள்ளது. கருத்துரைக் குறிக்குள் அடைக்கப்பட்ட வடிவம், வெளிவகுப்பின் ஒப்ஜெக்டை ‘எம்பி’ என்னும் இன்டர்ஃபேஸ் வழியே அளவுருவாகப் பெறுகிறது. இயங்கும் வடிவத்தில் அளவுருவே இல்லை. அடைக்கப்பட்ட வடிவத்தை நிறைவேறாத வசதியின் எச்சமாகவும், இன்றைய நடத்தையைக் குறைபாடாகவும் கொள்ளும் வாசிப்பு ஒன்று உண்டு. அதை ஏற்பதற்கில்லை.

அடைத்ததற்கான காரணத்தை அக்கருத்துரை சொல்லவில்லை. ஆகவே எழுதியவரின் நோக்கத்தை அதிலிருந்து உறுதியாகப் பெற முடியாது. ஆனால் மொழி வரையறையின் 15.13.3ஆம் பிரிவு தெளிவானது: ரெஃபரன்ஸ் எழுதப்பட்ட இடமே வெளி ஒப்ஜெக்டைத் தீர்மானிக்கிறது. அழைப்பவர் அதைத் தருவதில்லை.

கல்முனைக் கரையோர ஊர்களின் வழக்கத்தை வைத்து இதைப் பார்க்கலாம். ‘பள்ளிவாசல்’ வெளிவகுப்பு, குடியின் சார்பில் அதன் நிருவாகத்தில் அமரும் ‘மரைக்கார்’ உள்வகுப்பு. பள்ளிவாசல் இல்லாமல் மரைக்கார் இல்லை. பள்ளிவாசலின் மெதட் ஒன்றுக்குள் ‘மரைக்கார்::நியூ’ என எழுதினால், அங்குள்ள ‘திஸ்’ அதனுடன் பிணைகிறது. ஸ்டாட்டிக் மெதட்டுக்குள் எழுதினால் கொம்பைலர் மறுக்கிறது. பள்ளிவாசலை அளவுருவாகப் பெறத்தான் வேண்டுமென்றால், அதற்கு லாம்டா இருக்கிறது.

எதிர்வாதம் ஒன்று கவனத்துக்குரியது: ரிஃப்ளெக்‌ஷன் வழியே பார்த்தால், உறுப்பு உள்வகுப்பின் கொன்ஸ்ட்ரக்டருக்கு வெளி ஒப்ஜெக்டே முதல் அளவுரு. உண்மைதான், ஆனால் அது மொழிமாற்றத்துக்குப் பிந்திய உருவம். ஜாவாசி கொம்பைலர் இத்தகைய ரெஃபரன்ஸை உள்ளுக்குள் லாம்டாவாக்கி ‘திஸ்’ஐப் பிடித்துக்கொள்கிறது, எனவே இந்த எதிர்வாதமும் என் வாசிப்பையே வலுப்படுத்துகிறது. லாம்டா இருக்கையில் ரெஃபரன்ஸைச் சோதிப்பது வீண் என்ற மற்றொரு எதிர்வாதத்துக்கு நீண்ட பதில் வேண்டாம்: மொழியில் உள்ளது சோதிக்கப்பட வேண்டும்.

அக்கோப்பின் உண்மையான குறை வேறு. இயங்கும் சோதனை, பிறந்த ஒப்ஜெக்டின் வகுப்புப் பெயரை மட்டுமே சரிபார்க்கிறது. அது எந்த வெளி ஒப்ஜெக்டுக்கு உரியது எனக் கேட்பதில்லை. பள்ளிவாசலுக்குள் ‘தைக்கா’ என்ற உள்வகுப்பை வைத்து, அதைப் பள்ளிவாசலின் உபவகுப்பாகவும் ஆக்குவோம். தைக்காவுக்குள் எழுதும் ‘மரைக்கார்::நியூ’வுக்கு இரண்டு ‘திஸ்’கள் எட்டும் தூரத்தில் உள்ளன. 15.9.2ஆம் பிரிவின்படி, மரைக்காரை உறுப்பாகக் கொண்ட மிக உட்புற வகுப்பே, அதாவது தைக்காவே, வெல்ல வேண்டும். கொம்பைலர் தவறிப் பள்ளிவாசலைப் பிணைத்தாலும் வகுப்புப் பெயர் ‘மரைக்கார்’ தான், சோதனை தேறிவிடும்.

ஆகவே சோதனை இப்படி அமைய வேண்டும்: வெளிவகுப்பின் இரண்டு ஒப்ஜெக்டுகள், ஒவ்வொன்றிலிருந்தும் ஒரு ரெஃபரன்ஸ், பிறக்கும் ஒவ்வொரு மரைக்காரிடமும் தன் வெளி ஒப்ஜெக்டைத் திருப்பித் தரும் மெதட், ‘சமம்’ என்று மட்டும் பாராமல் ‘அதே ஒப்ஜெக்ட்’ என உறுதிப்படுத்தும் சரிபார்ப்பு. தைக்கா நிலைமைக்குத் தனிச் சோதனை ஒன்றும் தேவை. பிணைப்பைக் கேளாத சோதனை உள்வகுப்பைச் சோதித்ததாகாது.