டிரில்லியன் கணக்கும் மலையடுப்பும்: பழனி மலைத்தொடரிலிருந்து எரிசக்தி முதலீட்டை அளத்தல்

பருவநிலை இலக்குகளையும் நீடித்த வளர்ச்சி இலக்குகளையும் எட்ட உலகம் எரிசக்தியில் எவ்வளவு முதலிட வேண்டும் என்ற கேள்விக்கு இன்று விடைகளுக்குப் பஞ்சமில்லை. தூய எரிசக்திக்கான ஆண்டு முதலீடு 2030க்குள் சுமார் 4 டிரில்லியன் டாலராக உயர வேண்டும் என்று பன்னாட்டு எரிசக்தி முகமை 2021இல் சொன்னது. அதே முகமையின் 2024ஆம் ஆண்டுக் கணக்கில் உலகின் மொத்த எரிசக்தி முதலீடு முதன்முறையாக 3 டிரில்லியனைத் தாண்டியது. அதில் ஏறத்தாழ 2 டிரில்லியன் தூய எரிசக்திக்கானது. ஆஸ்திரியாவின் ஐஐஏஎஸ்ஏ நிறுவன ஆய்வாளர்கள் தலைமையில் 2018இல் ‘நேச்சர் எனர்ஜி’ இதழில் வெளியான ஆய்வு, பாரிஸ் ஒப்பந்தம் நிறைவேற 2025 வாக்கிலேயே குறைகரிம முதலீடு புதைபடிவ முதலீட்டை மிஞ்சியாக வேண்டும் என்று கணித்திருந்தது. தொகையளவில் அந்தக் கோட்டை உலகம் கடந்துவிட்டது.

ஆனால் பணம் போய்ச் சேர்ந்த இடங்களைப் பார்த்தால் மகிழ்ச்சி குறைகிறது. உலக மக்களில் ஐந்தில் ஒரு பங்கினர் வாழும் ஆப்பிரிக்காவுக்குத் தூய எரிசக்தி முதலீட்டில் 2 விழுக்காடு அளவே கிடைக்கிறது. சமையலின் நிலை இன்னும் மோசம். சுமார் 230 கோடிப் பேர் விறகிலும் வறட்டியிலும் கரியிலும் சமைக்கிறார்கள் என்றும், அவர்கள் அனைவருக்கும் தூய அடுப்பு எட்ட ஆண்டுக்கு 800 கோடி டாலர் போதும் என்றும் முகமை 2023இல் மதிப்பிட்டது. இது 2 டிரில்லியனில் இருநூற்றைம்பதில் ஒரு பங்கு. எல்லாவற்றிலும் மலிவான இலக்கு இதுதான். பின்தங்கிக் கிடப்பதும் இதுதான். முதலீட்டை நாம் மின்நிலையங்களின் மெகாவாட்டால் அளக்கிறோம். வீட்டுக்குள் கிடைக்கும் வெப்பத்தால் அளப்பதில்லை. விடுபட்ட அந்தச் செலவு மறைந்துபோவதில்லை, பெண்களின் உழைப்பிலும் காட்டின் பரப்பிலும் ஏறுகிறது என்பதே இக்கட்டுரையின் வாதம். பழனி மலை இதற்குத் தெளிவான சான்று.

கொடைக்கானலை அடுத்த அட்டுவம்பட்டி, 1984இல் தொடங்கப்பட்ட அன்னை தெரசா மகளிர் பல்கலைக்கழகம் அமைந்துள்ள ஊர். கொடைக்கானலைச் சுற்றிய இம்மேல்மலைப் பகுதி கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 2,000 மீட்டர் உயரம். இந்த உயரத்தில் தண்ணீர் 93 டிகிரி செல்சியஸ் அளவிலேயே கொதித்துவிடுகிறது. ஆகவே திறந்த பாத்திரத்தில் அரிசி வேகவும் பருப்பு மசியவும் சமவெளியைவிட அதிக நேரம் பிடிக்கும். மார்கழி, தை இரவுகளில் வெப்பநிலை பத்து டிகிரிக்கும் கீழே இறங்குகிறது. குழந்தையைக் குளிப்பாட்ட வெந்நீர் வேண்டும், கிழவர்கள் உட்கார்ந்து குளிர்காயக் கணப்பு வேண்டும். மலைப்பூண்டைக் கட்டுக் கட்டாகத் தொங்கவிட்டு அடுப்புப் புகை பிடிக்கவைத்துச் சேமிக்கும் வழக்கமும் இங்கே உண்டு. அந்தப் பூண்டுக்கு 2019இல் புவிசார் குறியீடு கிடைத்தது. சமையல், வெந்நீர், கணப்பு, விளைபொருள் பாதுகாப்பு என நான்கு வேலைகளை ஒரே விறகடுப்பு செய்கிறது. அந்த வீட்டுக்கு அரசுத் திட்டம் கொடுப்பது, சமவெளியிலுள்ள திண்டுக்கல்லில் கொடுப்பது போலவே, ஓர் எரிவாயு இணைப்பும் 14.2 கிலோ சிலிண்டரும். அது முதல் வேலையை மட்டுமே ஏற்கிறது. அதையும் இங்கே கூடுதல் எரிவாயு செலவழித்துத்தான் முடிக்கிறது.

எனவேதான் இணைப்புகளின் எண்ணிக்கையை முதலீட்டின் பலனாகக் கொள்வது தவறு என்கிறேன். 2016 மே 1 அன்று உத்தரப் பிரதேசத்தின் பலியாவில் தொடங்கிய உஜ்வலா திட்டம் பத்துக் கோடிக்கும் மேற்பட்ட இணைப்புகளைத் தந்தது. இணைப்புக்கு ரூ.1,600 என்பது மூலதனச் செலவாகக் கணக்கில் ஏறியது. ஆனால் அப்பயனாளிகள் 2019-20இல் சராசரியாக வாங்கிய மறு சிலிண்டர்கள் ஆண்டுக்கு மூன்றுதான். சிலிண்டருக்கு 2022இல் ரூ.200, 2023 அக்டோபரிலிருந்து ரூ.300 என மானியம் வந்த பிறகு அந்த எண் நான்கைத் தாண்டியது. அடுப்பு வாங்கித் தருவது முதலீடு, அதை எரிய வைப்பது வெறும் மானியம் என்று பிரித்து எழுதும் கணக்குமுறை இங்கே பொருளற்றது. அணை கட்டிவிட்டுக் கால்வாய் வெட்டாமல் விட்டால் அதைப் பாசனத் திட்டம் என்று யாரும் சொல்லமாட்டார்கள். 2019-21 தேசிய குடும்பநலக் கணக்கெடுப்பில் தூய எரிபொருளில் சமைக்கும் குடும்பங்கள் இந்தியாவில் 58.6 விழுக்காடு, தமிழ்நாட்டில் 82.9 விழுக்காடு. நமக்குப் பெருமை தரும் எண்தான். ஆனால் அக்கணக்கெடுப்பு கேட்பது முதன்மையாகச் சமைக்கும் எரிபொருளை. வெந்நீருக்கும் கணப்புக்கும் எரியும் விறகு அந்தக் கேள்வியில் சிக்காது.

இந்தப் பார்வை புதிதல்ல. பெங்களூரு இந்திய அறிவியல் நிறுவனத்தில் 1974இல் ‘அஸ்த்ரா’ ஊரகத் தொழில்நுட்ப அமைப்பைத் தொடங்கிய அமுல்ய ரெட்டி, கர்நாடகத்தின் புரா கிராமத்தில் வீடு வீடாகக் கணக்கெடுத்து, ஊரின் எரிசக்தியில் பெரும்பகுதி சமையல் விறகே என்றும், அதைச் சேர்க்கப் பெண்களும் பிள்ளைகளும் உழைக்கிறார்கள் என்றும் காட்டினார். மக்களுக்கு வேண்டியது மின்சாரமோ எரிபொருளோ அல்ல, அவை தரும் வெளிச்சமும் சூடும் நீரும்தான். திட்டமிடல் அங்கிருந்து தொடங்க வேண்டும் என்பது அவர் கடைசிவரை விடாத நிலைப்பாடு. உலக எரிசக்தி மாதிரிகள் இன்றும் அந்த இடத்துக்கு முழுதாக வந்து சேரவில்லை.

காட்டின் கணக்குக்கு வருவோம். பழனி மலையின் மேற்பகுதி ஒரு காலத்தில் புல்வெளியும் பள்ளத்தாக்குச் சோலைகளும் கலந்து கிடந்த நிலம். தோல் பதனிடும் பட்டைக்காக வாட்டில், கூழுக்கும் விறகுக்கும் தைலமரம், மென்மரத்துக்குப் பைன் என வனத்துறை அந்தப் புல்வெளிகளில் அயல் மரங்களை நட்டது. செயற்கைக்கோள் படங்களைக் கொண்டு 2018இல் வெளியான ஓர் ஆய்வு, 1973இல் சுமார் 374 சதுர கிலோமீட்டராக இருந்த புல்வெளி 2014இல் 124 ஆகச் சுருங்கியதைக் காட்டுகிறது. மூன்றில் இரண்டு பங்கு நாற்பதே ஆண்டுகளில் போய்விட்டது. ஓடைகளுக்கு ஆண்டு முழுவதும் நீர் விட்டுக்கொண்டிருந்த புல்வெளி அது. எரிசக்தி முதலீட்டு ஆவணம் எதிலும் இந்த இழப்புக்கு இடமில்லை. ஆனால் விறகும் ஒரு நோக்கமாக இருந்த நடவு எரிசக்திக் கொள்கையின் ஒரு பகுதியும்தான். அதன் விலையை இந்த மலை நீராகக் கொடுத்தது.

இப்போது நிலைமை சிக்கலாகியிருக்கிறது. 2013இல் சுமார் 600 சதுர கிலோமீட்டர் கொடைக்கானல் காட்டுயிர் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. 2022இல் தமிழ்நாடு அரசு அயல் தாவரங்களை அகற்றும் கொள்கையை வெளியிட்டது. இரண்டையும் முழுமனதோடு வரவேற்கிறேன். ஆனால் வாட்டில் காட்டிலிருந்து விறகுக் கட்டு சுமந்து வரும் பெண்ணுக்கு அந்த மரமே எரிபொருள். மாற்று வெப்பம் வந்து சேரும் முன் வாட்டில் போய்விட்டால், அரிவாள் அடுத்து இறங்குவது சோலைமரத்தில். சோலை மீட்பையும் அடுப்பு மாற்றத்தையும் இரு துறைகள் இரு காலவரிசையில் நடத்தினால் இரண்டுமே கெடும்.

எரிவாயுவும் புதைபடிவ எரிபொருள்தானே, அதில் பணம் போடுவது பருவநிலை இலக்குக்கு முரண் அல்லவா என்ற மறுப்பு எழும். அடுப்புப் புகையின் நோய்ச்சுமையை ஆயுள் முழுதும் ஆய்ந்த கிர்க் ஸ்மித் 2002லேயே இதற்கு விடை தந்தார்: உலகின் ஏழைகள் அனைவரும் எரிவாயுவுக்கு மாறினாலும் புவி வெப்பத்தில் அது சேர்ப்பது மிகச் சொற்பம், காப்பாற்றப்படும் உயிர்கள் ஏராளம். நான் இதை ஏற்கிறேன். மின்னடுப்பு தயாராகும் வரை ஏழைப் பெண் புகையில் காத்திருக்க வேண்டும் என்று சொல்ல, தாராளமாக எரித்துத் தீர்த்தவர்களுக்கு உரிமையில்லை.

மின்னடுப்புக்கும் இங்கே தடைகள் உள்ளன. நாலைந்து பேர் உள்ள வீட்டுச் சமையலுக்கு நாளொன்றுக்கு ஏறத்தாழ 2 யூனிட் என்று வைத்தாலும், இரண்டு மாதத்துக்கு 120 யூனிட் ஆகும். 2016 முதல் தரப்படும் இலவச 100 யூனிட்டைச் சமையலே விழுங்கிவிடும். அடுத்தது கம்பி. 2018 நவம்பர் 16 அன்று கரையேறிய கஜா புயல் மாநிலமெங்கும் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட மின்கம்பங்களைச் சாய்த்தபோது, கொடைக்கானல் மலையிலும் மரங்கள் விழுந்து மின்பாதைகள் அறுந்தன. சாலை மூடிக் கிடக்கும் மலையில் லைன்மேன் கம்பத்தைத் தோளில் சுமந்துதான் ஏற வேண்டும். வேர்பிடிப்பு குறைந்த அயல் மரங்களுக்கு நடுவே ஓடும் மின்பாதையைப் பலப்படுத்தாமல் மின்னடுப்பை மட்டும் கொடுப்பது, விறகடுப்பை இடிக்காதீர்கள் என்று நாமே சொல்லிக் கொடுப்பதாகும்.

பணம் எங்கிருந்து வரும்? மேட்டுப்பாளையம் அருகே ஓடந்துறை ஊராட்சி 2006இல் சுமார் ரூ.1.55 கோடியில் 350 கிலோவாட் காற்றாலையை நிறுவியது. ஏறத்தாழ ரூ.40 லட்சம் சொந்த நிதி, மீதி வங்கிக் கடன். மின்வாரியத்துக்கு விற்ற மின்சாரம் கடனை அடைத்தது. வாங்குபவர் உறுதியாக இருந்தால் ஊராட்சிக்கும் கடன் கிடைக்கும் என்பதற்கு இது சான்று. மலைக்கு இன்னொரு வழியும் இருக்கிறது. அகற்றப்படும் வாட்டிலும் தைலமரமும் காகிதக் கூழாக விலைபோகும். அந்த வருவாயில் ஒரு பங்கைத் தனிக் கணக்கில் வைத்து, மரம் வெட்டும் ஊரிலேயே, வெட்டுக்கு முன்னதாகவே சூரிய வெந்நீர்க் கலன், புகைபோக்கியுள்ள கணப்பு அடுப்பு, உயரத்துக்கேற்ற கூடுதல் சிலிண்டர் மானியம் ஆகியவற்றுக்குச் செலவிடலாம். இதில் கடன் இல்லை, டாலர் வட்டி இல்லை.

எந்த ஊரில் தொடங்குவது என்பதற்கு முதலில் ஒரு கணக்கெடுப்பு வேண்டும். மேல்மலையின் ஒரு வீடு மார்கழியில் எத்தனை கிலோ விறகு எரிக்கிறது, அதில் சமையலுக்கு எவ்வளவு, வெந்நீருக்கு எவ்வளவு, எந்தக் காட்டிலிருந்து யார் சுமந்து வருகிறார்கள், ஒரு சிலிண்டர் அங்கே எத்தனை நாள் வருகிறது? அட்டுவம்பட்டிப் பல்கலைக்கழகத்தின் மாணவியர் ஒரு பனிக்காலத்தில், ஒரு தராசோடு பள்ளங்கி, வில்பட்டி, பூம்பாறை வீடுகளுக்குப் போய் இதைச் செய்து முடிக்கலாம்.