பிச்சாவரத்துக் கண்டற்காடு

கடலும் கடல் சார்ந்த இடமும் நெய்தல் என்று இலக்கண நூலார் கூறுவர். நெய்தல் நிலத்து மரங்களுள் புன்னையும் தாழையும் நமக்குப் பழக்கமானவை. கடற்கரைச் சிற்றூர்களில் அவற்றை இன்றும் காணலாம். கண்டல் என்னும் மரத்தைப் பாட்டில் படித்தவர் பலர். நேரில் கண்டவர் சிலர். உப்புநீரும் நன்னீரும் கலக்கும் கழிமுகத்துச் சேறே அதற்கு உகந்த இடம். அச்சேற்றில் அடர்ந்து நிற்கும் காட்டைக் கண்டற்காடு என்றும், சுரபுன்னைக் காடு என்றும், அலையின் வேகத்தை ஆற்றுவதால் அலையாத்திக் காடு என்றும் வழங்குவர். பதினேழாம் நூற்றாண்டில் கொச்சியில் இருந்த வான் ரீடு என்னும் டச்சுக்காரர் மலையாள நாட்டுச் செடிகொடிகளைப் பற்றிப் பெருநூல் ஒன்றைத் தொகுத்தபோது, அந்நாட்டு மக்கள் கூறிய ‘கண்டல்’ என்ற பெயரையே அதில் எழுதிவைத்தார். பிற்காலத்துத் தாவர நூலார் அதனை எடுத்துக்கொண்டு ஒரு மர இனத்திற்கே ‘காண்டெலியா’ என்று பெயர் சூட்டினர்.

புதுச்சேரியிலேயே தேங்காய்த்திட்டிலும் அரியாங்குப்பம் ஆற்றின் கரையிலும் கண்டல் மரங்கள் சிறு சிறு கூட்டமாக நிற்கின்றன. பண்டு உரோம நாட்டோடு வாணிகம் நடந்த அரிக்கமேடு அவ்வாற்றின் கரையில்தான் உள்ளது. ஆயினும் காடு என்று சொல்லத் தக்கதைக் காண விரும்புவோர் எங்கள் பிள்ளைச்சாவடியிலிருந்து தெற்கு நோக்கிப் புறப்பட்டு, புதுச்சேரியையும் கடலூரையும் கடந்து, சிதம்பரத்திற்குக் கிழக்கே உள்ள பிச்சாவரத்தை அடைதல் வேண்டும். வடக்கே வெள்ளாறும் தெற்கே கொள்ளிடமும் கடலிற் கலக்கும் இரு முகத்துவாரங்களுக்கு இடையே அக்காடு பரந்து கிடக்கிறது. அதனுள் ஐம்பத்தொரு தீவுத்திட்டுகள் உண்டு என்பது வழக்கு. திட்டுக்கும் திட்டுக்கும் நடுவே எண்ணற்ற கால்வாய்கள் ஓடுகின்றன.

சிதம்பரத்தின் பழம்பெயர் தில்லை என்பதை நீங்கள் அறிவீர்கள். தில்லை என்பது ஒரு மரம். இச்சேற்றுக்காட்டு மரங்களுள் ஒன்று. அதன் பால் கண்ணிற் பட்டால் பார்வைக்கே கேடு என்று படகோட்டிகள் எச்சரிப்பார்கள். தாவர நூலாரும் அதையே கூறுகின்றனர். கோயிலின் தலமரம் தில்லையாக இருக்க, அம்மரத்தை இன்று ஊருக்குள் தேடிப் பயனில்லை. பிச்சாவரத்திற்கு வந்தால் காணலாம். பிச்சாவரத்தில் வாழ்ந்த தலைவர்கள் தம்மைச் சோழர் வழியினர் என்று கூறிக்கொண்டவர்கள். அருகிலுள்ள பரங்கிப்பேட்டையில் 1781ஆம் ஆண்டு ஜூலை முதல் நாள் ஐதர் அலியின் படையும் ஆங்கிலத் தளபதி அயர் கூட்டின் படையும் மோதின. பாடப் புத்தகத்தில் இப்போருக்கு ஒரு வரியேனும் உண்டு. அடுத்திருந்த காட்டிற்கு என்ன நேர்ந்தது என்பதற்கு ஒரு வரியும் இல்லை. ஆதலால் அதனையே இங்குச் சொல்ல எண்ணுகிறேன்.

முதலில் படகில் ஏறுவோம். துடுப்புப் படகும் இயந்திரப் படகும் கிடைக்கும். மாணவர்கள் துடுப்புப் படகையே தேர்ந்தெடுப்பது நல்லது; குறுகிய கால்வாய்களுக்குள் அதுவே நுழையும், பறவைகளையும் அச்சுறுத்தாது. துடுப்புப் போடுபவரே வழிகாட்டியும் ஆவார். அகன்ற நீர்ப்பரப்பைக் கடந்து கால்வாய்க்குள் புகுந்தவுடன் வெயில் மறைந்து குளிர்ச்சி தோன்றும். இருபுறமும் சுரபுன்னை மரங்கள், தம் அடிமரத்திலிருந்து வில்போல் வளைந்த ஊன்றுவேர்களைச் சேற்றில் பதித்து நிற்கும். அவற்றின் விதை மரத்தில் இருக்கும்போதே முளைத்து, முருங்கைக்காய்போல் நீண்டு தொங்கும். கனிந்தபின் விழுந்து சேற்றில் குத்திட்டு நிற்கும், அல்லது நீரில் மிதந்து வேறிடம் சேரும். சற்று உள்ளே வெண்கண்டல் மரங்களைச் சூழ்ந்து ஆயிரக்கணக்கான மூச்சுவேர்கள் எழுதுகோல்களை நட்டு வைத்தாற்போல் சேற்றின்மேல் நீட்டிக்கொண்டிருக்கும். காற்றுப் புகாத சேற்றில் வேர்கள் மூச்சுவிடும் வழி அதுதான். ஒரு கொடுக்கு மட்டும் பெருத்த சிறு நண்டுகள் வளைவாயிலில் நின்று அக்கொடுக்கை ஆட்டும். துடுப்பின் ஓசை கேட்டு மீன்கொத்தி பறந்து செல்லும். நீர்நாயைக் காண்பதற்கு நல்லூழ் வேண்டும். மழைக்காலம் முடிந்த மாதங்களில் தொலைநாட்டுப் பறவைகளும் வந்து தங்கும். 1975ஆம் ஆண்டில் வெளிவந்த ‘இதயக்கனி’ திரைப்படத்தில் இக்கால்வாய்களைக் கண்டு வியந்தவர்கள் இன்றும் அதைச் சொல்லிக்கொண்டே படகேறுகிறார்கள்.

அமெரிக்காவின் புளோரிடா முதலிய இடங்களில் கண்ணாடி போன்ற, அடி தெரியும் சிறு படகுகளில் பயணிகளைக் கண்டற்காட்டிற்கு அழைத்துச் செல்கின்றனர். அங்கே நீர் தெளிந்திருப்பதால் அடியில் நீந்தும் மீன்களை இருந்த இடத்திலிருந்தே காணலாம். பிச்சாவரத்தில் வண்டல் கலந்த நீர் ஓடுவதால் அத்தகைய படகு இங்குப் பெரிதாகப் பயன்படாது. மேலும், இங்கே மறைந்திருப்பது படகின் அடியில் அன்று. இருமருங்கும் தெரியும் பசுஞ்சுவரின் பின்னால். கால்வாயின் ஓரத்தில் மரங்கள் செழித்து நிற்கும். அந்த ஓரத்தைத் தாண்டித் திட்டின் நடுவிற்குச் சென்றிருந்தால், முப்பது நாற்பது ஆண்டுகளுக்கு முன் புல்லும் முளைக்காத வெற்றுத் திடல்களைப் பல இடங்களில் கண்டிருப்பீர்கள். வெயிற்காலத்தில் அத்திடல்களின்மேல் உப்புப் பூத்துக் கிடக்கும். காட்டின் நடுவே மரம் அற்ற நிலம் எப்படி உண்டாயிற்று?

நீண்ட காலம் இதற்கு ஒரே விடைதான் கூறப்பட்டது. சுற்றியுள்ள ஊரார் விறகிற்காக வெட்டினர். மாடுகளை ஓட்டி மேய்த்தனர். அதனால் காடு அழிந்தது என்பதே அவ்விடை. இங்குக் கழிமீன் பிடித்து வாழ்வோருள் இருளர் இன மக்களும் உண்டு. வலையும் படகும் வாங்க வசதியின்றி, மார்பளவு நீரில் இறங்கிக் கையால் துழாவியே இறால் பிடித்துப் பறியில் இடும் ஏழைகள் அவர்கள். காட்டை ஒட்டி வாழும் எளியவர்கள்மேல் பழியைச் சுமத்துவது எவர்க்கும் எளிது. அப்பழி எழுத்தில் ஏறிவிட்டால் அதுவே வரலாறாகிவிடுகிறது. மாடுகள் வெண்கண்டல் தழையை விரும்பித் தின்னும் என்பதும், ஊரார் விறகு எடுத்தனர் என்பதும் உண்மையே. ஆனால் அவற்றால் மட்டும் அத்திடல்கள் உண்டாயினவா என்று வினவியவர் அக்காலத்தில் அரியர்.

சென்னை மாகாணத்தில் வனச்சட்டம் 1882ஆம் ஆண்டில் வந்தது. அதற்கு வழிகாட்டியவர் டீட்ரிக் பிராண்டிஸ் என்னும் செருமானியர். பர்மாவின் தேக்குக் காடுகளில் பழகிய அறிஞர். அவர் காலத்து வனவியல், காட்டை ஒரு வயல்போல் கருதியது. காட்டைப் பாத்தி பாத்தியாகப் பிரித்து, ஆண்டுக்கு ஒரு பாத்தியை முற்றாக வெட்டி விற்றுவிட்டால், கடைசிப் பாத்தியை வெட்டி முடிக்கும்போது முதற்பாத்தி மீண்டும் வளர்ந்திருக்கும் என்பது அதன் கணக்கு. அப்பாத்திக்குக் ‘கூப்பு’ என்று பெயர். ‘வெட்டுதல்’ என்னும் பொருளுடைய பிரெஞ்சுச் சொல் ஆங்கிலத்தின் வழியே வந்து தமிழ் வழக்கில் அவ்வாறு திரிந்தது. பிரெஞ்சு படித்த புதுச்சேரிப் பெரியவர்கள் கேட்டவுடன் கண்டுகொள்வர். பிச்சாவரத்திலும் இக்கூப்பு முறையே நடந்தது. ஆங்கிலேயர் காலத்தில் தொடங்கி, நாடு விடுதலை பெற்ற பின்னும் தொடர்ந்து, 1970களில்தான் அது நின்றது. விறகிற்கும் சிறு மரத்திற்கும் காடு கூறுகூறாக ஏலம் போயிற்று.

மலைக்காட்டிற்குப் பொருந்திய கணக்கு சேற்றுக்காட்டிற்குப் பொருந்தவில்லை. அதன் காரணத்தை ஊன்றிக் கவனியுங்கள். கழிமுகத்துச் சேறு மிக நுண்ணிய களிமண், நீர் நிறைந்தது. மரநிழல் உள்ளவரை அந்நீர் வற்றாது. மரங்களை ஒருசேர வெட்டியபின் நிலம் வெயிலுக்கு நேராக வெளிப்பட்டது, ஈரம் வற்றியது, களிமண் சுருங்கி அமிழ்ந்தது. சுற்றிலும் மேடாகவும் நடுவில் பள்ளமாகவும், ஒரு தாம்பாளம்போல நிலம் உருமாறியது. ஓதம் ஏறும்போது கடல்நீர் அப்பள்ளத்தில் புகும். இறங்கும்போது வெளியேற வழியின்றித் தேங்கும். தேங்கிய நீரை வெயில் உறிஞ்ச, உப்பு மட்டும் எஞ்சும். கடல்நீரில் ஒரு லிட்டருக்கு ஏறத்தாழ 35 கிராம் உப்பு உண்டு. இப்பள்ளங்களில் அது அதனினும் பெரிதும் மிகுந்தது. உப்பில் வாழப் பழகிய கண்டலும் அவ்வளவு உப்பைத் தாங்கவில்லை. விழுந்த விதைகள் முளைவிட்டு மாண்டன.

வங்காளத்துச் சுந்தரவனத்தில் ஓதம் சில மீட்டர் உயரம் ஏறி இறங்கும்; நிலத்தை நாள்தோறும் இருமுறை கழுவிவிடும். நம் சோழமண்டலக் கரையில் ஓதத்தின் ஏற்றம் ஒரு மீட்டருக்கும் குறைவு. ஒரு சாண் ஆழப் பள்ளமும் இங்கே காட்டின் வாழ்வையும் சாவையும் முடிவு செய்துவிடும். போதாக்குறைக்கு, 1934ஆம் ஆண்டில் மேட்டூர் அணை எழுந்தபின் காவிரியின் கிளையாகிய கொள்ளிடத்தின் வழியே கழிமுகத்திற்கு வந்த நன்னீரும் குறைந்தது. மழை பெய்வதோ வடகிழக்குப் பருவத்தின் சில வாரங்களே. அணையால் விளைந்த நன்மையை யான் குறைத்துக் கூறவில்லை. ஓரிடத்தில் செய்த வேலை மற்றோரிடத்தில் விளைவு காட்டும் என்பதையே குறிக்கிறேன். எங்கள் பிள்ளைச்சாவடியில் கடல் கரையை அரித்து வீடுகளைக் கொண்டுசென்றதற்கும், 1980களில் தெற்கே புதுச்சேரித் துறைமுகத்திற்காகக் கடலுக்குள் நீட்டிய கற்சுவர்கள் வடக்கு நோக்கி வரும் மணலைத் தடுத்ததே பெருங்காரணம். எங்கள் ஊர்க்காரர் கரையைத் தோண்டிக் கடலை அழைக்கவில்லை.

பிச்சாவரத்தை அறிவியல் முறையில் ஆராய்ந்தவர்களுள் நம் புதுச்சேரிக்கும் பங்கு உண்டு. 1955ஆம் ஆண்டில் தொடங்கப்பெற்ற பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தைச் சேர்ந்த பிளாஸ்கோ என்பார் இந்தியக் கண்டற்காடுகளைப் பற்றி 1975ஆம் ஆண்டில் பிரெஞ்சு மொழியில் நூல் வெளியிட்டார். அவரும் தணிகைமணி என்னும் அறிஞரும் பிறரும் சேர்ந்து, பிச்சாவரத்துச் சேற்றிலுள்ள மகரந்தத் துகள்களுக்கும் அங்கு வளரும் மரங்களுக்கும் உள்ள தொடர்பை ஆராய்ந்தனர். ஏடும் கல்வெட்டும் இல்லாத இடத்தில் மகரந்தமும் சான்றாகும் என்பது வரலாறு படிக்கும் மாணவர் அறியவேண்டிய செய்தி. தணிகைமணி 1986ஆம் ஆண்டில் கராச்சி விமானக் கடத்தலில் உயிரிழந்தார். நாம் இன்னும் போதிய அளவு நினைவுகூராத பெரியவர். பரங்கிப்பேட்டையில் உள்ள அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கடல் உயிரியல் மையத்தாரும் இக்காட்டைத் தொடர்ந்து ஆய்ந்துவருகின்றனர்.

வெற்றுத் திடல்களின் காரணத்தை உறுதியாகக் காட்டியது, 1988ஆம் ஆண்டில் சென்னையில் தோன்றிய எம். எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம். பழைய பதிவுகளையும் செயற்கைக்கோள் படங்களையும் நிலத்தின் மேடுபள்ளத்தையும் நீரின் உப்பையும் அதன் ஆய்வாளர்கள் 1990களில் ஒப்பு நோக்கினர். கூப்பு வெட்டிய நிலமே தாம்பாளமாய் அமிழ்ந்தது என்பது தெளிவாயிற்று. விறகு சுமந்தவர்கள்மேல் இருந்த பெரும்பழி அவ்வளவில் நீங்கியது. நோயின் மூலம் தெரிந்தபின் மருந்து வியப்பூட்டும் அளவிற்கு எளிதாயிருந்தது. பள்ளத்திலிருந்து இயற்கைக் கால்வாய்க்கு ஒரு வாய்க்கால். அதிலிருந்து இருபுறமும் சாய்வாகக் கிளைவாய்க்கால்கள். மேலிருந்து நோக்கினால் மீனின் முள்ளெலும்புபோல் தோன்றும். ஓதம் தாராளமாக ஏறி இறங்கிற்று, உப்புக் கழுவப்பட்டது, கரையோரம் ஊன்றிய வெண்கண்டல் வேர்பிடித்தது. இவ்வேலையில் வனத்துறையும் ஊர்மக்களும் உடன் நின்றனர். கூப்பு விட்ட அதே துறை இதில் முன்வந்ததை நேர்மையுடன் குறிப்பிடவேண்டும். 1986ஆம் ஆண்டுப் படத்தையும் 2002ஆம் ஆண்டுப் படத்தையும் ஒப்பிட்டபோது மரம் அடர்ந்த பரப்பு ஏறக்குறைய இரு மடங்காகியிருந்தது.

அடுத்த இரண்டாண்டில் ஒரு பெருஞ்சோதனை வந்தது. 2004ஆம் ஆண்டு டிசம்பர் 26ஆம் நாள் எழுந்த ஆழிப்பேரலையில், காட்டிற்கும் கடலுக்கும் இடையே மணல்திட்டில் இருந்த எம்.ஜி.ஆர். திட்டு என்னும் மீனவர் குடியிருப்பு பேரழிவிற்கு உள்ளாயிற்று. காட்டின் பின்புறம் இருந்த ஊர்கள் பெரும்பாலும் தப்பின. மரங்களே காத்தன என்று 2005ஆம் ஆண்டில் ஆய்வுகள் வெளிவந்தன. அடுத்த ஆண்டே வேறு ஆய்வாளர்கள் அப்புள்ளிகளை மீண்டும் கணக்கிட்டு, கடலிலிருந்து உள்ள தொலைவும் நிலத்தின் உயரமுமே பெருங்காரணங்கள் என்று மறுத்தனர். இரு சாராரும் கூறுவதைப் படிக்கவேண்டும். காடு அலையைத் தணிக்கிறது என்பதில் ஐயமில்லை. எவ்வளவு பெரிய அலையை, எவ்வளவு தணிக்கும் என்பதே வழக்கு. முன்பு ஊரார்மேல் பழி சொன்னதைப்போல், இப்போது மரத்தின்மேல் புகழ் சொல்வதிலும் சான்றுக்கு மிஞ்சுதல் ஆகாது என்பது என் கருத்து.

2022ஆம் ஆண்டில் பிச்சாவரம், உலகச் சிறப்புடைய நீர்நிலங்களைக் குறிக்கும் இராம்சர் பட்டியலில் சேர்க்கப்பெற்றது. பயணிகளும் பெருகியுள்ளனர். நீங்கள் செல்லும்போது படகோட்டியிடம், வெட்டிய வாய்க்கால் எங்கே இருக்கிறது என்று கேளுங்கள். இயற்கைக் கால்வாய் பாம்புபோல் வளைந்து ஓடும். மனிதர் வெட்டியது நேராக இருக்கும். அதன் இருபுறமும் ஒரே உயரத்தில் ஒரே வகை மரம் நின்றால் அது மீட்ட நிலம். அவ்வாய்க்கால்களில் வண்டல் ஓயாது படியும். சில ஆண்டுகளில் தூர்ந்துவிடும். அப்போது ஓதம் மீண்டும் பள்ளத்தில் தேங்கத் தொடங்கும். ஆகையால் நீர் குறைந்த காலத்தில் ஆட்கள் சேற்றில் இறங்கி, வாய்க்கால்களைத் தூர்வாரி, வழித்த சேற்றைக் கரையில் ஏற்றிக் கொட்டவேண்டியிருக்கிறது.