பெல்லட் கணப்படுப்பு பற்றாமை

பெல்லட் கணப்படுப்பு என்பது, மரத்தூளை உயர் அழுத்தத்தில் இறுக்கிச் செய்த பெல்லட் எனும் சிறு குச்சிகளை எரித்து அறையைச் சூடாக்கும் அடுப்பு. குச்சிகளை ஊட்டவும் காற்றைச் செலுத்தவும் இதற்கு மின்சாரம் வேண்டும். 1970-களின் எண்ணெய் நெருக்கடிக்குப் பின், மர ஆலைகள் நிறைந்த அமெரிக்காவின் வடமேற்குப் பகுதியில் இது உருவானது. போயிங் நிறுவனத்தில் பணியாற்றிய பொறியாளர் ஜெர்ரி விட்ஃபீல்டு 1980-களின் முற்பாதியில் வாஷிங்டன் மாநிலத்தில் வடிவமைத்த அடுப்பு இதன் முன்னோடிகளுள் ஒன்று. இன்று வட அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும், குறிப்பாக இத்தாலியில், வீடுகளில் பரவலாகப் புழங்குகிறது. பனிக்காலத்தில் இதை வைத்திருப்போர் அடிக்கடி சந்திக்கும் கோளாறு, பொத்தானை அழுத்தியும் தீ பற்றாமல் போவது. உடனே தீமூட்டியைக் குறை சொல்லிப் புதியது வாங்கிவிடுவது பலருக்கு வழக்கம். அதற்கு முன் பார்க்க வேண்டியவை காற்று வரும் வழியும் சாம்பலும்தான்.

பற்றும் முறை

அடுப்பை இயக்கியதும் முதலில் புகைவிசிறி சுழல்கிறது. அது புகைக்குழாய் வழியாகக் காற்றை வெளியே இழுப்பதால் அடுப்புக்குள் அழுத்தம் குறைகிறது. அந்தக் குறைவை அழுத்த ஸ்விட்ச் உணர்ந்த பிறகே, பெரும்பாலான அடுப்புகளில், திருகுத்தண்டு சுழன்று தொட்டியிலிருந்து பெல்லட்டுகளை எரிகலத்தில் கொட்டும். எரிகலத்தின் பின்புறமோ அடியிலோ உள்ள தீமூட்டி, ஏறத்தாழ 300 வாட் திறனுள்ள ஒரு சூட்டுக்கோல். பல அடுப்புகளில் இக்கோல் பெல்லட்டைத் தொடுவதே இல்லை. தன்மீது பாயும் காற்றைச் சுடவைக்கிறது. அந்தச் சுடுகாற்று எரிகலத்தின் துளை வழியே பெல்லட்டுகள்மேல் வீசுகிறது. சூடேறிய மரம் ஆவியை விடுகிறது, அந்த ஆவிதான் முதலில் தீப்பிடிக்கிறது. ஆகவே கோல் செக்கச்சிவக்கக் காய்ந்தாலும், துளை அடைபட்டிருந்தால் தீ வராது. வெளியேறும் புகையின் சூடு குறித்த நேரத்துக்குள் உயராவிட்டால் கட்டுப்பாட்டுப் பலகை தீ பற்றவில்லை என்று முடிவுசெய்து அடுப்பை நிறுத்திவிடும். இந்தக் காத்திருப்பு அடுப்புக்கு அடுப்பு மாறும். கால் மணி நேரத்தையொட்டி இருப்பது வழக்கம்.

எரிகலம் காட்டும் தடயங்கள்

தோல்வியுற்ற அடுப்பை ஆறவிட்டு, கதவைத் திறந்து எரிகலத்தைப் பார்ப்பதே முதல் வேலை. கலம் காலியாக இருந்தால் தீமூட்டியைத் தேட வேண்டியதில்லை. பெல்லட் வந்து சேரவில்லை. தொட்டி தீர்ந்திருக்கலாம். தொட்டிக்குள் பெல்லட்டுகள் வளைவுபோல் ஒன்றையொன்று தாங்கி நின்று, அடியில் வெற்றிடம் விட்டிருக்கலாம். அடியில் படியும் மரத்தூள் திருகுத்தண்டை இறுக்கியிருக்கலாம். புகைவிசிறி ஓடியும் திருகுத்தண்டு அசையவே இல்லையென்றால் அழுத்த ஸ்விட்சையும் அதற்குச் செல்லும் மெல்லிய ரப்பர்க் குழாயையும் பார்க்க வேண்டும். அக்குழாயில் சாம்பல் அடைத்தாலோ வெடிப்பு விட்டாலோ ஸ்விட்ச் இயங்காது.

கலம் நிறைய பெல்லட் இருந்து, ஒன்றுகூடக் கருகாமல் இருப்பது இரண்டாவது நிலை. சூடே எட்டவில்லை என்பது இதன் பொருள். தீமூட்டி பழுதாகியிருக்கலாம், அதன் ஃபியூஸ் போயிருக்கலாம், அல்லது சுடுகாற்று வரும் துளை மூடியிருக்கலாம். மின்இணைப்பை முற்றிலும் பிடுங்கிய பின் தீமூட்டியின் கம்பிகளைக் கழற்றி, மல்டிமீட்டரால் மின்தடையை அளக்கலாம். 300 வாட் கோல், 120 வோல்ட் மின்சாரம் உள்ள நாடுகளில் 48 ஓம் அளவிலும், 230 வோல்ட் உள்ள நாடுகளில் 176 ஓம் அளவிலும் காட்ட வேண்டும். முடிவிலி காட்டினால் உள்ளே இழை அறுந்துவிட்டது. இதைவிட எளிய சோதனை, கையால் பற்றவைப்பது. பெல்லட் அடுப்புக்கென விற்கும் பற்றவைப்புக் களிம்பைச் சிறிதளவு தடவித் தீவைத்துக் கதவைச் சாத்திய பின், அடுப்பு தொடர்ந்து நன்றாக எரியுமானால் காற்றோட்டம் சரி. குறை தீமூட்டியிலோ அதன் துளையிலோதான். இதற்குப் பெட்ரோல், மண்ணெண்ணெய், சாராயம் எதையும் ஊற்றக் கூடாது.

மூன்றாவது நிலை, பெல்லட்டுகள் பாதி கருகி, சுடர் இல்லாமல் புகைந்துகொண்டிருப்பது. சூடு வருகிறது, காற்று போதவில்லை. ஆபத்தும் இந்த நிலையில்தான் அதிகம். புகையும் மரம் விடும் ஆவி அடுப்புக்குள் நிறைந்து நிற்கும். பிறகு திடீரெனப் பற்றினால் கண்ணாடி உடையும் அளவுக்கு வெடிக்கக்கூடும். அதனால் புகைந்துகொண்டிருக்கையில் கதவைத் திறக்கவோ மின்சாரத்தை நிறுத்தவோ கூடாது. புகைவிசிறி ஓடி முடிய விட வேண்டும். ஆறிய பின் கலத்தை முழுக்கக் காலிசெய்யாமல் மறுபடி பொத்தானை அழுத்துவது, ஒரு கலத்தில் இரண்டு கல அளவு பெல்லட்டைக் குவிப்பதாகும். அள்ளியதை மூடியுள்ள உலோக வாளியில் வீட்டுக்கு வெளியே வைக்க வேண்டும். ஆறியதுபோலத் தெரியும் சாம்பலுக்குள் கங்கு பல மணி நேரம் உயிரோடிருக்கும். இதே காரணத்தால் சாதாரண வேக்குவம் கிளீனரால் உறிஞ்சுவதும் தீ விபத்தில் முடியலாம். இவ்வடுப்பு உள்ள வீட்டில் கார்பன் மோனாக்சைடு எச்சரிக்கைக் கருவி கட்டாயம் இருக்க வேண்டும்.

காற்று குறைவதற்கு முதற்காரணம் கிட்டம். சாம்பலிலுள்ள மணற்சத்தும் உப்புகளும் உருகி இறுகி, எரிகலத்தின் துளைகளை அடைத்துவிடும். கலத்தை எடுத்துச் சுரண்டி, வெளிச்சத்தில் பிடித்து ஒவ்வொரு துளையும் திறந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். கலத்தைத் திரும்ப வைக்கும்போது அடியில் சாம்பல் கிடந்தால் அது சரியாக உட்காராது. காற்று துளை வழியே போகாமல் விளிம்பு வழியே நழுவிவிடும். கதவின் கயிற்று கேஸ்கெட் தேய்ந்தாலும் இதே கதி. ஒரு தாளை வைத்துக் கதவைச் சாத்தி இழுக்கையில் அது தடையின்றி வந்தால் கேஸ்கெட்டை மாற்றலாம். தடுப்புத் தகடுகளின் பின்புறம், புகைவிசிறியின் இறக்கைகள், புகைக்குழாய் வளைவுகள் ஆகிய இடங்களில் சேரும் சாம்பல் கண்ணுக்குப் படாது. ஆண்டுக்கு ஒருமுறையாவது இவற்றை முழுதாகத் துடைத்தெடுக்க வேண்டும்.

பெல்லட்டின் தரம்

ஐரோப்பாவின் ஈஎன்பிளஸ் ஏ1 தரத்தின்படி ஈரப்பதம் 10 சதவீதத்துக்கும் சாம்பல் 0.7 சதவீதத்துக்கும் மிகக் கூடாது. ஈரம் பட்ட பெல்லட் ஊதி உதிர்ந்து தூளாகும். பளபளப்பு இழந்து, நகத்தால் கீறினாலே பொடியும். இதைப் பற்றவைக்கும் நேரத்தில் தீமூட்டியின் சூடு நீரை ஆவியாக்குவதிலேயே செலவாகிவிடும். கல்தரைமீது நேரடியாக அடுக்கிய மூட்டைகளில் அடிமூட்டை முதலில் கெடும் என்பதால், மரச்சட்டத்தின்மேல் வைப்பதே நல்லது.

பற்றியபின் அணைதல்

தீ நன்றாகப் பிடித்து, சில நிமிடங்களில் அடுப்பு தானே நின்றுவிட்டால், தீயை உணரும் வெப்ப ஸ்விட்சை ஐயுற வேண்டும். அதன்மேல் படிந்த சாம்பல் சூட்டை மறைத்துவிடும். காற்றுப் புகாதபடி இறுக்கமாகக் கட்டிய புதிய வீடுகளில் வேறொரு காரணமும் உண்டு: சமையலறைப் புகைபோக்கி விசிறி அறைக்காற்றை இழுத்துவிட, அடுப்புக்குக் காற்று எஞ்சுவதில்லை. விசிறியை நிறுத்தி, சன்னலைச் சற்றே திறந்தவுடன் தீ தெளிந்து எரிந்தால், வெளிக்காற்றை நேராக அடுப்புக்குக் கொண்டுவரும் தனிக்குழாய் பொருத்த வேண்டும்.