சேர்வராயன் மலையில் இருந்து வேலூர் வரை: கார்-டி சிகிச்சை நம் பக்கம் வந்த வரலாறு

புற்றுநோயாளியின் நோய் எதிர்ப்புச் செல்லை வெளியே எடுத்து, மரபணு மாற்றி, மறுபடி அவர் உடம்பிலேயே செலுத்தும் கார்-டி சிகிச்சையைக் கண்டுபிடிப்புகளின் வரிசையாகவே பலரும் எழுதுகிறார்கள். சேர்வராயன் மலையின் ஏற்காட்டுக் காப்பித் தோட்டத்தில் தினக்கூலிக்குப் போகும் ஒரு குடும்பத்தின் பக்கம் நின்று பார்த்தால் முதலில் எழும் கேள்வி வேறு. அந்தச் செல்லை எங்கே வைத்து மாற்றுகிறார்கள்? விலை, காத்திருக்கும் நாள், பிழைக்கும் வாய்ப்பு எல்லாமே அந்த இடத்தைப் பொறுத்து மாறுகின்றன. இந்தியாவில் இச்சிகிச்சை வளர்ந்த வரலாறு, செல் தயாராகும் இடம் நோயாளியின் படுக்கையை நெருங்கிவந்த வரலாறுதான் என்பது என் வாதம்.

ரத்தத்தில் உள்ள டி-செல்கள் கிருமி தொற்றிய செல்களைத் தேடி அழிப்பவை. புற்றுச்செல் உடம்பின் சொந்தச் செல்லில் இருந்து பிறப்பதால் பல நேரம் அவற்றிடம் சிக்குவதில்லை. இலக்கைக் கண்டுபிடிப்பதில் எதிர்ப்பொருள்கள் (ஆன்டிபாடிகள்) கெட்டிக்காரர்கள். 1989-ல் இஸ்ரேலின் வைஸ்மன் நிறுவனத்தில் செலிக் எஷ்ஹார் குழுவினர் எதிர்ப்பொருளின் இலக்கறியும் பகுதியை டி-செல் ஏற்பியோடு இணைத்துக் காட்டினார்கள். கருத்து சரியாக இருந்தும் ஆரம்பகாலச் செல்கள் உடம்புக்குள் நீடித்து நிற்கவில்லை. மிஷேல் சடலேன் குழு சிடி28 என்ற தூண்டுபகுதியைச் சேர்த்தது. மெம்ஃபிஸில் டாரியோ கம்பானா குழு 2004-ல் 4-1பிபி என்ற பகுதியைச் சேர்த்தது. செல்கள் பெருகி, மாதக்கணக்கில் தாக்குப்பிடிக்கத் தொடங்கியது அதன் பிறகுதான். பி-செல் ரத்தப் புற்றுச்செல்களின் மேல் காணப்படும் சிடி19 என்ற புரதம் இலக்கானது.

2012-ல் அமெரிக்காவின் ஃபிலடெல்ஃபியாவில் ரத்தப் புற்றுநோய் திரும்பத் திரும்ப வந்த ஒரு சிறுமிக்கு இந்தச் செல்கள் செலுத்தப்பட்டன. கடுங்காய்ச்சலில் அவள் உயிருக்குப் போராடினாள். ரத்தத்தில் அழற்சியைத் தூண்டும் ஐஎல்-6 என்ற புரதம் மிகுந்திருப்பது தெரிந்ததும், அதைத் தடுக்கும் மூட்டுவாத மருந்தான டோசிலிசுமாபைக் கொடுத்தார்கள், பிழைத்தாள். ஆய்வின் தலைவர் கார்ல் ஜூனுக்கு அந்த மருந்து தெரிந்திருந்ததற்குக் காரணம், அவருடைய மகளுக்கும் மூட்டுவாதம் இருந்தது. அந்தக் காய்ச்சலை அடக்கத் தெரியாதிருந்தால் இந்தச் சிகிச்சையே அன்றோடு நின்றுபோயிருக்கக்கூடும். 2017 ஆகஸ்டில் அமெரிக்காவில் 'கிம்ரியா' என்ற பெயரில் அனுமதி கிடைத்தது. அப்போதைய விலை 4,75,000 டாலர். நோயாளியின் செல்லை உறையவைத்து விமானத்தில் ஆலைக்கு அனுப்பி, வாரக்கணக்கில் காத்திருந்து, மறுபடி உறைநிலையில் வாங்கும் ஏற்பாடும் அந்த விலையில் அடக்கம். முற்றிய ரத்தப் புற்றுநோயாளி பலருக்கு அந்த வாரங்கள் கிடைப்பதில்லை.

இந்தியாவில் இதற்கான அடித்தளம் எலும்பு மஜ்ஜை மாற்று சிகிச்சையில் அமைந்தது. 1983-ல் மும்பை டாடா நினைவு மருத்துவமனையிலும், 1986-ல் மாமன் சாண்டியின் தலைமையில் வேலூர் சிஎம்சியிலும் அது தொடங்கியது. ரத்தச் செல்லைப் பிரித்தெடுப்பது, எதிர்ப்புச் சக்தி அற்றுப்போன நோயாளியைத் தொற்றில் இருந்து காப்பது, செல்லைச் சேமித்துத் திரும்பச் செலுத்துவது ஆகியவற்றை மருத்துவர்களும் செவிலியர்களும் ஆய்வக ஊழியர்களும் நாற்பது ஆண்டுகளாகக் கற்றுவந்தார்கள். கார்-டி வரலாறுகளில் இவர்களுக்கு ஒரு வரிகூடக் கிடைப்பதில்லை. அது பெரிய குறை.

மும்பை ஐஐடியில் ராகுல் புர்வார் குழு உள்நாட்டிலேயே ஒரு கார்-டி செல்லை வடிவமைத்தது. 2021 ஜூன் 4 அன்று டாடா நினைவு மையத்தில் முதல் நோயாளிக்கு அது செலுத்தப்பட்டது. 2023 அக்டோபரில் 'நெக்ஸ்கார்19' என்ற பெயரில் அனுமதி பெற்றது. விலை ஏறத்தாழ 30 முதல் 40 லட்சம் ரூபாய். 64 பேர் பங்கேற்ற ஆய்வின் முடிவு 2025-ல் லான்செட் ஹீமட்டாலஜி இதழில் வந்தது. மதிப்பிட முடிந்தவர்களில் 73 விழுக்காட்டினருக்குப் பலன் தெரிந்தது.

வேலூர் வேறொரு வழியில் போனது. விக்ரம் மேத்யூஸ் தலைமையில் நடந்த 'வெல்கார்ட்' ஆய்வில், மூடிய தானியங்கிக் கருவி ஒன்றை மருத்துவமனைக்குள்ளேயே வைத்து அங்கேயே செல்லைத் தயாரித்தார்கள். நோயாளியின் ரத்தம் ஒரு கை வழியாக இயந்திரத்துக்குப் போய், வெள்ளணுக்களை மட்டும் விட்டுவிட்டு உடம்புக்குத் திரும்புகிறது. பிரித்த டி-செல்களுக்குள் லென்டிவைரஸ் புதிய மரபணுவைக் கொண்டு சேர்க்கிறது. சுமார் ஒன்பது நாளில் செல்கள் பெருகித் தயாராகிவிடும். உறையவைக்காமல் அப்படியே ஏற்றுகிறார்கள். இந்த முறையில் செலவு உலகச் சந்தை விலையைவிடச் சுமார் 90 விழுக்காடு குறையும் என்று இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் (ஐசிஎம்ஆர்) அறிவித்தது. சிகிச்சை பெற்றவர்கள் பத்துப் பேர். 15 மாதங்களுக்குப் பின்னும் 80 விழுக்காட்டினரிடம் புற்றுநோய் இல்லை. பத்துப் பேரை வைத்து நோயின் மீதான வெற்றியை அளந்துவிட முடியாது. ஆனால் ஆலையே தேவையில்லை என்று காட்டப் பத்துப் பேர் போதும். லென்டிவைரஸ் அங்கே புதிதும் அல்ல: ரத்தம் சரியாக உறையாத ஹீமோபிலியா-ஏ நோய் உள்ள ஐந்து பேருக்கு லென்டிவைரஸ் கொண்டு வேலூரில் செய்த மரபணு சிகிச்சையை அலோக் ஶ்ரீவத்ஸவா குழு 2024-ல் வெளியிட்டிருந்தது.

இனி மலைக்கு வருவோம். ஏற்காட்டில் இருந்து இருபது கொண்டை ஊசி வளைவு இறங்கினால் சேலம். அங்கே ரயிலேறி ஜோலார்பேட்டை வழியாகக் காட்பாடியில் இறங்கினால் வேலூர். செல் ஏற்றிய பிறகு சில வாரம் மருத்துவமனைக்கு அருகிலேயே தங்கச் சொல்வது வழக்கம். காய்ச்சல் எந்த இரவிலும் ஏறலாம், மூளையும் பாதிக்கப்படலாம். மூளைப் பாதிப்பைக் கண்டுபிடிக்கும் சோதனை மிக எளியது: நாள்தோறும் நோயாளியை ஒரு வாக்கியம் எழுதச் சொல்கிறார்கள், நூறில் இருந்து பத்துப் பத்தாகப் பின்னோக்கி எண்ணச் சொல்கிறார்கள். நேற்று நேராக ஓடிய கையெழுத்து இன்று கோணினால் மருத்துவர் விழித்துக்கொள்வார். பள்ளிக்கூடம் போயிராத முதிய மலையாளிப் பழங்குடிப் பெண்ணுக்கு இந்தச் சோதனையை எப்படி வைப்பது என்பது தனியாக ஆராய வேண்டிய விஷயம். நம் ஊரில்தான் அதைச் செய்ய முடியும்.

முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டம் ஒரு குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை தருகிறது. நெக்ஸ்கார்19-இன் விலைக்கு அது எட்டாது. வேலூர் முறை பரவினால் இடைவெளி சுருங்கும், முழுவதும் மூடாது. இதற்கிடையில், டி-செல்லை வெளியே எடுக்காமல் உடம்புக்குள்ளேயே மரபணு மாற்றும் ஊசிமருந்துகள் மனிதச் சோதனைக்கு வந்துவிட்டன. அவை வென்றால் செல் தயாரிக்கும் அறைகூடத் தேவைப்படாது. காய்ச்சலும் மூளைப் பாதிப்பும் அப்போதும் வரலாம். ஆகவே சேலம் அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில், வேலூரோடு இணைந்து இந்தப் பின்விளைவுகளைக் கவனிக்கும் ஒரு குழுவுக்கு இப்போதே பயிற்சி கொடுக்கலாம். அப்படிச் செய்தால் மலையில் இருந்து போகும் நோயாளி ஆபத்து மிகுந்த முதல் நாட்களை மட்டும் வேலூரில் கழித்துவிட்டு, மீதிக் கண்காணிப்பைச் சேலத்திலேயே முடிக்கலாம்.